பூட்டிய கதவுகளைத் திறந்த பெருமகன்: ஷாப்ட்ஸ்பரி பிரபு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

தமக்காகப் பேச இயலாதவர்களுக்காகப் பேசியவர்கள் உலகில் சிலரே. அச்சிலரையும் நாம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறோம். ஷாப்ட்ஸ்பரி பிரபு என்ற ஆங்கிலேயர் அப்படி மறக்கப்பட்டவர்களுள் ஒருவர். வரலாறு படிக்கும் நண்பர்களைக் கேட்டால், ஆலைகளில் சிறுவர்கள் வேலை செய்யும் நேரத்தைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தவர் என்று கூறுவார்கள். தீப்பெட்டித் தொழிலைப் பார்த்து வளர்ந்த கோவில்பட்டி வட்டாரத்து மாணவர்களாகிய நமக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் பெயர் நினைவில் நிற்க வேண்டும்.

ஆயினும் அப்பெருமகனார் தம் வாழ்நாளில் 57 ஆண்டுகள் இடைவிடாமல் செய்த பணி வேறொன்று உண்டு. மனநோயாளர்களை அடைத்து வைத்திருந்த விடுதிகளின் கதவைத் தட்டி, உள்ளே சென்று பார்த்து, பார்த்ததை எழுதி வைத்து, தவறு செய்தவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்தும் பணியே அது. அந்தப் பணியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

இவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விளாத்திகுளத்திலிருந்து சூரங்குடி, வேம்பார், சாயல்குடி என்று கடற்கரைச் சாலையில் சென்றால் ஏர்வாடி வந்துவிடும். 2001ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த கொடுமையை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோதுதான், ஏறத்தாழ அதே காட்சியை 174 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டறிந்து, அதை ஒழிக்கத் தம் வாழ்வையே கொடுத்த ஒருவர் இருந்தார் என்பதை அறிந்தேன்.

பிறப்பும் இளமையும்

அந்தோணி ஆஷ்லி கூப்பர் என்பது அவருடைய இயற்பெயர். 1801ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். பெரும் செல்வமும் பரம்பரைப் பட்டமும் உடைய குடும்பம் அது. தந்தை உயிரோடு இருந்தவரை அவரை ஆஷ்லி பிரபு என்றே அழைத்தார்கள். 1851இல் தந்தை மறைந்த பிறகு, ஏழாவது ஷாப்ட்ஸ்பரி பிரபு என்னும் பட்டம் அவருக்கு வந்தது.

செல்வச் செழிப்பில் பிறந்தும் அவருடைய குழந்தைப் பருவம் கண்ணீரில் கழிந்தது. தந்தையோ கண்டிப்பே உருவானவர். தாய்க்கோ விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் இருந்த நாட்டம் பிள்ளைகள் மீது இல்லை. அந்தப் பெரிய மாளிகையில் அச்சிறுவனை மடியில் அமர்த்தி அன்பு காட்டியவர் மரியா மில்லிஸ் என்னும் பணிப்பெண் ஒருவரே. இறைவணக்கத்தையும் இரக்கத்தையும் அவருக்கு முதலில் கற்றுக் கொடுத்தவர் அந்த அம்மையார்தான். அவர் இறக்கும்போது தம்மிடமிருந்த தங்கக் கடிகாரத்தை அச்சிறுவனுக்கு விட்டுச் சென்றார். எத்தனையோ விலையுயர்ந்த கடிகாரங்களை வாங்கும் வசதி இருந்தும், ஷாப்ட்ஸ்பரி கடைசிவரை அந்தக் கடிகாரத்தையே அணிந்திருந்தார்.

அவர் ஹாரோ பள்ளியில் படித்த காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. ஒருநாள் தெருவில் ஓர் ஏழையின் சவப்பெட்டியைச் சிலர் தூக்கி வந்தனர். குடிபோதையில் இருந்த அவர்கள் பாடிக்கொண்டும் தள்ளாடிக்கொண்டும் வந்து பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். துணைக்கு வந்து அழ ஓர் உறவினரும் இல்லை. ஏழை என்ற ஒரே காரணத்தால் ஒரு மனிதனுக்குச் சாவிலும் மதிப்பில்லாமல் போகிறதே என்று மாணவன் ஆஷ்லி மனம் நொந்தான். கேட்பாரற்றவர்களுக்காகவே இனி வாழ்வது என்று அன்று உறுதி பூண்டதாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறி, 1826இல், தம் 25ஆம் வயதில் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார்.

அக்காலத்து விடுதிகள்

அவருடைய பணியின் அருமையை உணர வேண்டுமானால், அன்றைய நிலையை அறிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மனநோயாளர்களை வைத்துக் காப்பது ஒரு வாணிபமாக இருந்தது. வீட்டார் பணம் கட்டினால் விடுதிக்காரர் நோயாளியை ஏற்றுக்கொள்வார். ஏழை நோயாளியானால் ஊர்ப் பொதுநிதியிலிருந்து வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். நோயாளி குணமடைந்து போய்விட்டால் விடுதிக்காரருக்கு வருமானம் நின்றுபோகும். நோயாளிக்கு இடும் உணவைக் குறைத்தால் ஆதாயம் கூடும். இப்படி ஒருவருடைய துன்பமே மற்றவருக்கு இலாபமாகும் இடத்தில் அன்பையும் அறத்தையும் எங்ஙனம் எதிர்பார்ப்பது?

1774ஆம் ஆண்டு இதற்கென ஒரு சட்டம் வந்தது. லண்டனிலும் அதைச் சுற்றிலும் இருந்த விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பை மருத்துவர் கழகத்துக்குக் கொடுத்தார்கள். ஐந்து மருத்துவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிட்டனர். ஆனால் உள்ளே எத்தகைய கொடுமையைக் கண்டாலும், அதற்காக உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பல்லில்லாத பாம்பு போன்றது அச்சட்டம்.

லண்டனில் பெத்லம் என்னும் பழைய மருத்துவமனை ஒன்று இருந்தது. 1814இல் அதைப் பார்க்கச் சென்றவர்கள், ஜேம்ஸ் நாரிஸ் என்பவரைக் கண்டார்கள். கழுத்திலும் உடலிலும் இரும்புப் பட்டைகள் பூட்டி, அவற்றைத் தூணோடு பிணைத்து, பல ஆண்டுகளாக அவரை அந்நிலையிலேயே வைத்திருந்தார்கள். செய்தி வெளியானதும் நாடு பதறியது. பாராளுமன்றம் விசாரணைக்குழு அமைத்தது. அதன் பிறகு சீர்திருத்த மசோதாக்கள் காமன்ஸ் சபையில் நிறைவேறியும், பிரபுக்கள் சபை அவற்றை மீண்டும் மீண்டும் தள்ளிவிட்டது. மக்களின் பதற்றம் மெல்ல அடங்கியது. விடுதிகளோ முன்போலவே நடந்தன.

1827ஆம் ஆண்டு

இந்நிலையில் 1827இல் ராபர்ட் கார்டன் என்னும் உறுப்பினரின் முயற்சியால் மற்றொரு விசாரணைக்குழு அமைந்தது. இளைஞர் ஆஷ்லி அதில் ஓர் உறுப்பினர். லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் வார்பர்ட்டன் என்பவர் நடத்திய விடுதி பற்றி அக்குழுவின் முன் சாட்சிகள் கூறியவை நெஞ்சை உலுக்குபவை. வைக்கோல் பரப்பிய மரத்தொட்டில்களில் நோயாளிகளை ஆடையின்றிக் கிடத்திச் சங்கிலியால் பிணைத்துவிடுவார்கள். சனிக்கிழமை பிற்பகலில் பூட்டினால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள். வேலையாட்களுக்கு ஞாயிறு ஓய்வு வேண்டுமல்லவா! திங்கட்கிழமை விடிந்ததும், அழுக்கில் கிடந்த அவர்களை முற்றத்துக்குக் கொண்டுவந்து, குளிர்காலமானாலும் தொட்டித் தண்ணீரில் கழுவினார்கள்.

1828 பிப்ரவரியில் கார்டன் புதிய மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதை வழிமொழிந்து பேசியவர் ஆஷ்லி. பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய முதல் முக்கியமான உரை அது. அச்சத்தால் குரல் எழும்பவில்லை. அவர் பேசியது பலருக்குக் கேட்கவும் இல்லை. மேடையில் ஏறினால் நாவுலர்ந்து நிற்கும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இச்செய்தி ஆறுதல் தரக்கூடியது. குரல் கேட்காவிட்டாலும் காரியம் நடந்தது. மசோதா சட்டமாயிற்று.

அச்சட்டத்தின்படி லண்டன் வட்டாரத்துக்கு 15 ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுள் ஐவர் மருத்துவர்கள். ஆஷ்லி ஓர் உறுப்பினர். உரிமம் இல்லாமல் விடுதி நடத்தக் கூடாது. மருத்துவச் சான்று இல்லாமல் ஒருவரையும் உள்ளே அடைக்கக் கூடாது. நூறு பேருக்குமேல் இருக்கும் விடுதியில் மருத்துவர் ஒருவர் தங்கியிருக்க வேண்டும். சிறிய விடுதியானால் மருத்துவர் வாரந்தோறும் வந்து பார்க்க வேண்டும் என்று விதிகள் ஏற்பட்டன. சில ஆண்டுகளில் ஆஷ்லியே அந்த ஆணையத்தின் தலைவர் ஆனார். இதற்காக அவர் சம்பளம் ஏதும் பெறவில்லை.

நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு

லண்டனில் மட்டும் கண்காணிப்பு இருந்தால் போதுமா? வெளியூர் விடுதிகளை யார் பார்ப்பது? 1842இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகள் முழுவதிலும் உள்ள விடுதிகளைப் பார்வையிடும் அதிகாரம் அந்த ஆணையத்துக்குக் கிடைத்தது. ரயில்பாதைகள் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தன. மருத்துவர் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் இணைந்து ஊர் ஊராகச் சென்றார்கள். நோயைப் பார்க்க மருத்துவர், அடைத்து வைத்தது முறைதானா என்று பார்க்க வழக்கறிஞர்! இந்த ஏற்பாட்டின் நுட்பம் வியக்கத்தக்கது.

1844இல் அவர்களுடைய அறிக்கை வெளிவந்தது. சில இடங்களில் நல்ல மருத்துவமனைகள் இருந்தன; பல இடங்களில் தொழுவங்களைவிட மோசமான அறைகள் இருந்தன. பல மாவட்டங்களில் ஏழை நோயாளிகளுக்குப் பொது மருத்துவமனையே இல்லை. இவை அனைத்தும் ஊர்ப்பெயரோடும் கணக்கோடும் அறிக்கையில் இடம்பெற்றன. அதை வைத்துக்கொண்டு 1845இல் ஆஷ்லி இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். ஒன்று, ஒவ்வொரு மாவட்டமும் ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனை கட்டியே தீர வேண்டும் என்றது. மற்றொன்று, ஆணையத்தை நிரந்தரமாக்கியது. புதிய ஆணையத்தில் மருத்துவர் மூவரும் வழக்கறிஞர் மூவரும் முழுநேரச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டார்கள். அவர்களோடு ஊதியமில்லாத உறுப்பினர் ஐவர் இருந்தனர். தலைவர் ஆஷ்லி.

கண்காணிப்பு நடந்த முறை

நம் காலத்துக்கும் மிகவும் வேண்டிய பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆணையர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. சொல்லிவிட்டு வந்தால் வெள்ளையடித்த சுவரையும் புதிய போர்வையையும் மட்டுமே காணலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். வந்தால் எல்லா அறைகளையும் திறந்து காட்ட வேண்டும். ஒரு நோயாளியையும் மறைக்கக் கூடாது; மறைத்தால் குற்றம். நோயாளி யாருடைய கையெழுத்தின்பேரில், எந்த மருத்துவர் சான்றின்பேரில் சேர்க்கப்பட்டார் என்பதற்கான தாள்களைக் காட்ட வேண்டும். கட்டிவைக்கப்பட்டவர் யார், தனியறையில் அடைக்கப்பட்டவர் யார் என்பதையெல்லாம் வாரந்தோறும் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். ஒருவர் இறந்தாலோ தப்பிப் போனாலோ ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். ஆணையர்கள் கண்ட குறைகளை விடுதியிலேயே ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது அக்குறைகள் நீங்கினவா என்று பார்ப்பார்கள். பின்னர் 1862இல் வந்த திருத்தத்தால், நோயாளி ஆணையத்துக்கு எழுதும் கடிதத்தை விடுதிக்காரர் பிரிக்காமல் அனுப்பியாக வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது.

இவற்றில் அறிவியல் கண்டுபிடிப்பு என்று எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, சொல்லாமல் வந்து நிற்கும் இருவர், அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் நாம் ஒவ்வொரு சோதனையையும் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறோமே, அந்த ஒழுங்குதான் இது. எழுதி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால், காரணமில்லாமல் ஒருவரைக் கட்டிப்போடக் கை தயங்கும்.

சங்கிலி இல்லாமல் மனநோயாளர்களைக் காக்க முடியுமா என்று அக்காலத்தில் பலர் ஐயுற்றனர். லண்டனுக்கு அருகே ஹான்வெல் மருத்துவமனையில் டாக்டர் ஜான் கனோலி 1839இல் சங்கிலி, விலங்கு, தோல்வார் அனைத்தையும் நீக்கிக் காட்டினார். நூற்றுக்கணக்கான நோயாளிகள் இருந்த பெரிய மருத்துவமனை அது. போதிய பணியாட்களும் பொறுமையும் இருந்தால் போதும் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. ஓர் இடத்தில் முடிந்ததை மற்ற இடங்களிலும் வற்புறுத்த ஆணையத்தின் தொடர்ந்த பார்வை துணைசெய்தது.

சொந்த வாழ்வும் பிற தொண்டுகளும்

ஷாப்ட்ஸ்பரி 1830இல் எமிலி என்னும் அம்மையாரை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். மாரிஸ் என்ற மகனுக்குக் கடுமையான வலிப்பு நோய். மருத்துவத்துக்காக வெளிநாட்டில் இருந்த அவன், 1855இல் சுவிட்சர்லாந்தில் இறந்தான். மற்றவர் வீட்டு நோயாளிகளுக்காக அலைந்தவர், தம் வீட்டிலும் அத்துன்பத்தைச் சுமந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. அவரும் அடிக்கடி மனச்சோர்வுக்கு ஆளானவர். பெயருக்குப் பிரபுவாக இருந்தும் கடன் தொல்லை அவரை விட்டதில்லை.

இவற்றுக்கு நடுவில்தான் அவர் செய்த மற்றத் தொண்டுகளும் அமைந்தன. 1842இல் பெண்களும் சிறுவர்களும் சுரங்கத்தின் அடியில் வேலை செய்வதைத் தடுத்தார். ஆலைகளில் பத்து மணி நேர வேலைக்காக அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 1847இல் அச்சட்டம் நிறைவேறியது. புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரி துடைத்த சிறுவர்களின் துயரம் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்ததும் அவர் முயற்சியால்தான். முதுமையிலும் இந்திய ஆலைகளில் உழைத்த பிள்ளைகளுக்காகப் பிரபுக்கள் சபையில் பேசினார். 1881இல் நம் நாட்டில் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்ததற்கு அக்குரலும் ஒரு காரணம்.

குறைகளும் உண்டு

பெரியோர் வாழ்வை எழுதும்போது குறையை மறைப்பது முறையன்று. ஷாப்ட்ஸ்பரியின் முறைக்கும் அக்காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. விடுதிகளில் அடைபட்டு வெளியே வந்த சிலர் 1845இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜான் பெர்சிவல் என்பவர் அதன் முன்னணித் தொண்டர். கொலையுண்ட பிரதமர் ஒருவரின் மகன் அவர். தாமே விடுதியில் துன்புற்றவர். நோயாளியின் சொல்லையும் கேளுங்கள், அவர் விருப்பத்துக்கும் இடம் கொடுங்கள் என்பதே அச்சங்கத்தின் வேண்டுகோள். ஆணையம் அக்குரலுக்குப் போதிய மதிப்பளிக்கவில்லை. நோயாளி காக்கப்பட வேண்டியவர் என்று கண்ட ஷாப்ட்ஸ்பரி, அவர் உரிமையுள்ள மனிதர் என்பதை முழுமையாகக் காணவில்லை என்றே நான் கருதுகிறேன். மேலும், மாவட்டந்தோறும் கட்டிய மருத்துவமனைகளில் கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகியது. குணப்படுத்தும் இடமாக எழுந்தவை, காலப்போக்கில் ஆட்களைக் குவித்து வைக்கும் இடங்களாக மாறின.

எனினும் ஒன்றில் அவருடைய பார்வை மிகத் தெளிவாக இருந்தது. 1859இல் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, இலாபத்துக்காக மனநோயாளர்களை வைத்துக் காக்கும் முறையே அடிப்படையில் கெட்டது என்று அவர் வாதிட்டார். எவ்வளவு கண்காணித்தாலும், நோயாளி தங்கியிருப்பதால் ஒருவருக்கு ஆதாயம் வரும்வரை ஆபத்து நீங்காது என்பதை 30 ஆண்டு அனுபவத்தில் கண்டுகொண்டார். 1877இல் மற்றொரு குழுவின் முன்னும் தம் 76ஆம் வயதில் அமர்ந்து பதில் கூறினார்.

மறைவு

1885 அக்டோபர் முதல் நாள் ஷாப்ட்ஸ்பரி காலமானார். அந்நாள்வரை அவரே ஆணையத்தின் தலைவர். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டின்போது, தள்ளுவண்டி வியாபாரிகள், பூ விற்கும் பெண்கள், காலணிக்கு மெருகிடும் சிறுவர்கள் என்று லண்டன் ஏழைகள் தெருவின் இருமருங்கிலும் திரண்டு நின்றார்கள். நாட்டின் பெருமக்கள் உறங்கும் அவ்விடத்தில் புதைக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. அவர் விருப்பப்படியே சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். லண்டன் பிக்காடிலி சதுக்கத்தில் சிறகு விரித்து நிற்கும் புகழ்பெற்ற சிலை, 1893இல் அவர் நினைவாக எழுப்பப்பட்ட நீரூற்றின் மேல் உள்ளது.

நம் நாட்டில்

இங்கிலாந்தின் சட்டங்களைத் தழுவி 1858இல் இந்தியாவிலும் மனநோயாளர் சட்டங்கள் இயற்றப்பட்டன. சென்னையில் 1794இலேயே டாக்டர் வாலன்டைன் கனோலி ஒரு விடுதியை நடத்தினார். 1871இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், பார்வையாளர்கள் மாதந்தோறும் மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளையும் பார்க்க வேண்டும் என்றது. விடுதலைக்குப் பின் 1987இல் புதிய மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 1993 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இல்லாமல் மனநல இல்லம் எதுவும் நடத்தக் கூடாது என்பது அதன் முக்கிய விதி.

அச்சட்டம் நடைமுறைக்கு வந்து எட்டு ஆண்டுகள் கழிந்தன. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன், ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநல இல்லத்தின் ஓலைக்கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின.

இறந்தவர்கள் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். நோய் தீரும் என்ற நம்பிக்கையில் வீட்டார் அழைத்துச் சென்றவர்கள். ஏர்வாடி தர்கா பல நூற்றாண்டுகளாக எல்லா மதத்தாரும் ஆறுதல் தேடிச் செல்லும் இடம். அந்த நம்பிக்கையை நான் குறை கூறமாட்டேன். அருகில் மனநல மருத்துவர் இல்லாத கரிசல் காட்டு ஏழைக்கு, தலைச்சுமையை இறக்கி வைக்க வேறு எந்த இடம் இருந்தது? அந்த நம்பிக்கையைச் சுற்றி எழுந்த உரிமமற்ற இல்லங்களுக்குத்தான் பொறுப்புக் கேட்க வேண்டும். சட்டம் புத்தகத்தில் இருந்தது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டிய கண்கள்தாம் இல்லை. பெத்னல் கிரீனில் சனி பிற்பகலில் பூட்டிய சங்கிலியை அறுக்க ஒருவர் வந்தார். ஏர்வாடியில் பூட்டிய சங்கிலியை நெருப்பு வரும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

அதன்பின் அரசு அங்கிருந்த இல்லங்களை மூடியது. நூற்றுக்கணக்கான நோயாளிகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. விசாரணை ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, எல்லா மாநிலங்களிலும் உள்ள இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டது. 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. மனநோயாளரை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது, தனிமைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று அது தெளிவாகத் தடுக்கிறது. ஒவ்வொரு மனநல இல்லமும் மாநில ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற இல்லங்களைக் குறித்த காலத்தில் தணிக்கை செய்யவும், புகார் வந்தால் சென்று விசாரிக்கவும் வழி உண்டு. நோயாளி தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம். மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம். பெர்சிவலின் சங்கம் 1845இல் கேட்ட உரிமைகள் நம் நாட்டுச் சட்டத்தில் இப்படி இடம்பெற்றுவிட்டன.

நாம் செய்யக்கூடியது

ஷாப்ட்ஸ்பரியின் வாழ்விலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே. நல்ல மனம் மட்டும் நோயாளியைக் காப்பாற்றாது. நல்ல சட்டம் மட்டும் காப்பாற்றாது. சொல்லாமல் வந்து கதவைத் திறந்து பார்க்கும் கண் வேண்டும். அந்தக் கண் ஒருமுறை வந்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. 1814இல் நாடு பதறியது, பிறகு மறந்தது. 1828இல் ஒருவர் மறக்காமல் தொடர்ந்ததால்தான் நிலை மாறியது. அவர் தம் 84ஆம் வயதுவரை தொடர்ந்தார்.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பெரும்பாலோர், என்னைப் போலவே, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். வீட்டுக்கு வரும் அரசுக் கடிதம் முதல் கடன் பத்திரம் வரை படித்துச் சொல்வது நம் வேலையாக இருக்கிறது. உறவிலோ தெருவிலோ ஒருவருக்கு மனநோய் வந்து, வீட்டார் ஓர் இல்லத்தில் சேர்க்கப் புறப்பட்டால், நாமும் உடன் செல்ல வேண்டும். இந்த இல்லம் பதிவு பெற்றதா? பதிவுச் சான்று எங்கே? எந்த மருத்துவர் வருகிறார், எப்போது வருகிறார்? நோயாளி உறங்கும் அறையைப் பார்க்கலாமா? நினைத்த நாளில் வந்து பார்க்க அனுமதி உண்டா? இவற்றைக் கேட்பதற்குப் பிரபுவாகப் பிறக்க வேண்டியதில்லை. கேள்விகேட்கும் துணிவு இருந்தால் போதும். அறையைக் காட்ட மறுக்கும் இடத்தில் நம்மவரை விட்டுவிட்டு வரக் கூடாது. கையெழுத்திடத் தெரியாத நம் பெற்றோர் கைநாட்டு வைக்குமுன் அந்தத் தாளை நாம் ஒருமுறை முழுதும் படித்துவிட வேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவம் இலவசமாகக் கிடைக்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையைத் தொலைபேசியிலேயே பெறலாம். இச்செய்தியை நம் ஊர் டீக்கடையிலும் நூறுநாள் வேலை நடக்கும் இடத்திலும் சொல்வது நம் கடமை.

பைத்தியம் என்று சொல்லி ஒதுக்கப்பட்ட மனிதருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, அழைத்துப் போகக் காத்திருக்கும் உறவு உண்டு. அவர் இருக்கும் அறையின் கதவை யாரேனும் ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவராக நாம் இருப்போமாக!